மருவுக்கு மாம்பலத்தில் போட்ட ஊசி

ஏழு வார லீவில் லண்டனிலிருந்து சென்னைக்கு வந்தபோது என் வலது கையில் 11 மருக்கள். பெரியது கட்டைவிரல் நுனியில், மிளகைவிடக் கொஞ்சம் பெரிசு. பேனா பிடித்தால் வலிக்கும். அங்கே நான்கு மாதம் சாலிசிலிக் அமிலம் தடவினேன். அப்புறம் திரவ நைட்ரஜனால் இரண்டு முறை உறைய வைத்தார்கள். கொப்புளம் வந்து ஆறியது, அதே இடத்தில் மறுபடி முளைத்தது.

அம்மா கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “வைத்தீஸ்வரன் கோயிலுக்கு உப்பும் மிளகும் வேண்டிக்கிறேன். நீ டாக்டரையும் பாருப்பா” என்றார்.

முதலில் போன ஸ்கின் கிளினிக்கில் எல்லாவற்றையும் ஒரே நாளில் சுட்டு எடுக்க பேக்கேஜ் விலை சொன்னார்கள். யாரும் விரலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

மேற்கு மாம்பலத்தில் தோல் டாக்டர் ஒருவர். டோக்கன் 14, ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு. ஆனால் உள்ளே போனதும் பிளேடால் மருவின் மேல்தோலை மெல்லச் சீவினார். ஊசிமுனை அளவில் கரும்புள்ளிகள் தெரிந்தன. “ரத்தக்குழாய் அடைச்ச புள்ளி சார். வெறும் காய்ப்பா இருந்தா இது வராது.”

மருவுக்குக் காரணம் ஹெச்பிவி வைரஸ். தோலின் மேலடுக்கிலேயே தங்கிவிடுவதால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதைச் சரியாகக் கவனிப்பதில்லை. அந்தக் கவனத்தை மருவின் பக்கம் திருப்பத்தான் எம்.எம்.ஆர். ஊசி. தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்குக் குழந்தைகளுக்குப் போடும் அதே தடுப்பூசி. அதைப் பெரிய மருவுக்குள்ளேயே செலுத்தினால், எதிர்ப்பு அணுக்கள் அங்கே திரண்டு வருகின்றன, வந்த இடத்தில் மரு வைரஸையும் அடையாளம் கண்டுகொள்கின்றன. பலருக்கு ஊசி படாத மருக்களும் சேர்ந்து உதிர்கின்றன. எல்லோருக்கும் பலிக்காது, மருவுக்கென்று அனுமதி பெற்ற மருந்தும் அல்ல என்பதை டாக்டரே சொன்னார். வீரியம் குறைத்த உயிருள்ள வைரஸ் கொண்ட தடுப்பூசி என்பதால் கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் போட மாட்டார்கள்.

மருந்துக்கடையில் குப்பியை ஐஸ் பையோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தார்கள். “நேரா கிளினிக்குக்குப் போயிடுங்க அண்ணா, வெயில்ல நிக்காதீங்க” என்றான் கடைப் பையன். இன்சுலின் ஊசியில் 0.3 மி.லி. எடுத்தார் டாக்டர். விரல்நுனி ஆயிற்றே, கண்ணில் நீர் வந்துவிட்டது. இரவு லேசான காய்ச்சல், ஒரு பாராசிட்டமாலில் அடங்கியது. டாக்டர் கட்டணம், மருந்து எல்லாம் சேர்த்து அன்றைக்கு 1,200 ரூபாய்.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஐந்து ஊசி வரை போகலாமாம். அதனால் லீவில் வருகிறவர்கள் இறங்கிய முதல் வாரத்திலேயே டாக்டரைப் பாருங்கள். உறவினர் வீடு, கல்யாணம் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் போனால் ஒரே ஊசியோடு விமானம் ஏற வேண்டியதுதான். நான் வந்த நான்காம் நாளே போனதால் மூன்று ஊசி முடிந்தது.

இரண்டாவது ஊசிக்குப் போகும்போதே சுண்டுவிரல் மருக்கள், ஊசியே படாதவை, தட்டையாகியிருந்தன. மூன்றாவதன்போது மீதி நான்கு. டாக்டர் என் கட்டைவிரலை விளக்கடியில் பிடித்துக் காட்டினார். மரு இருந்த இடத்தின் குறுக்கே ரேகைகள் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தன.