குச்சி இல்லாத கியர்பாக்ஸ்

ஏழு ஆண்டுகளாக ஓட்டும் காரில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றி மூன்று மாதங்கள் ஆகின்றன. "நானும் மாற்றட்டுமா?" என்று நண்பர் கேட்டார். மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

90,000 கிலோமீட்டர் தாண்டியதிலிருந்து, இரண்டாம் கியரிலிருந்து மூன்றுக்கு மாறும்போது ஒரு தயக்கமும் அடுத்து ஓர் உதைப்பும் வந்தன. சர்வீஸ் நிலையத்தில், "இது ஆயுள் முழுவதும் வரும் ஆயில், தொட வேண்டாம்" என்றார்கள். ஆயுள் என்றால் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. வேறொரு பட்டறைக்குப் போனேன்.

வடிந்த ஆயில் கறுத்த பழுப்பாக இருந்தது. புதிதாக ஊற்றியபோது அது செக்கச்செவேல் என்றிருந்திருக்கும். கருகிய வாடை இல்லாதது ஆறுதல். அடித்தட்டின் காந்தங்களில் சாம்பல் நிறப் பசை படிந்திருந்தது. உள்ளே கியர்களும் கிளட்ச் தகடுகளும் தேய்வதால் வரும் இயல்பான உலோகப் பொடிதான் அது. விரலில் குத்தும் உலோகச் செதில்கள் இருந்திருந்தால் கதையே வேறு.

மொத்தம் 7 லிட்டர் பிடிக்கும் பெட்டியில் வடிந்தது 3 லிட்டர்தான். மீதி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடுகிறது. அதனால் இடையிடையே ஓட்டிவிட்டு மூன்று முறை மாற்றினோம். அப்படியும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பழைய ஆயில் உள்ளேயே இருக்கிறது. அது பரவாயில்லை.

பொறுக்க முடியாதது அளவு பார்க்கும் முறை. எஞ்சின் ஆயிலுக்கு டிப்ஸ்டிக் என்ற அளவுக் குச்சி உண்டு. உருவித் துடைத்துப் பார்த்தால் முடிந்தது. இந்தக் கியர்பாக்ஸுக்கு அந்தக் குச்சியே வைக்கவில்லை. காரை நான்கு பக்கமும் சமமாகத் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, எல்லா நிலைகளிலும் கியர் லிவரை நகர்த்தி, காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனரில் ஆயிலின் வெப்பம் 35 முதல் 45 டிகிரிக்குள் நிற்கும்போது அடியில் உள்ள சிறு போல்ட்டைத் திறக்க வேண்டும். கூடுதல் ஆயில் வழிந்து, ஒழுக்கு மெலிந்து சொட்டாக மாறும் கணத்தில் மூட வேண்டும். ஆயில் ஆறியிருக்கும்போது அளந்தால் கூடுதலாக ஊற்றிவிடுவோம், பின்னர் சூடேறி நுரைக்கும். சூடாக இருக்கும்போது திறந்தால் விரிந்த ஆயில் வெளியேறி, பெட்டி குறையோடு நிற்கும்.

முதல் முறை பட்டறையில் இந்தச் சிரமத்தை எல்லாம் விட்டுவிட்டு, வடிந்த அளவுக்கே புது ஆயிலை அளந்து ஊற்றினார்கள். கியர் மாற்றம் கொஞ்சம் இதமானது. ஆனாலும் ஏற்றத்தில் தயக்கம் போகவில்லை. அடுத்த முறை போல்ட்டைத் திறந்து முறைப்படி பார்த்தபோது ஒரு சொட்டுக்கூட வரவில்லை! சொட்டத் தொடங்க அரை லிட்டருக்கு மேல் தேவைப்பட்டது. சீல் ஒன்றில் எப்போதோ கசிந்திருக்கிறது. ஆக, குறைந்த அளவிலேயே நான் ஆண்டுக்கணக்கில் ஓட்டியிருக்கிறேன். ஒரு குச்சி இருந்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும். இதை எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை.

செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று: வடிக்கும் போல்ட்டைத் தொடுவதற்கு முன், ஊற்றும் துளையின் மூடி கழல்கிறதா என்று பாருங்கள். அது இறுகிக்கிடந்தால் காலிப் பெட்டியோடு நிற்க வேண்டியதுதான். ஆயிலைக் கையேட்டில் உள்ள தரக் குறியீட்டை வைத்தே வாங்குங்கள். நிறம் ஒன்றாக இருப்பதால் ஒன்றுக்கு மற்றொன்று ஆகிவிடாது. பெல்ட்டில் இயங்கும் வேறு வகை ஆட்டோமேட்டிக்கான சிவிடியின் ஆயிலை இதில் ஊற்றவே கூடாது.

இப்போது கியர் மாறுவதே தெரியவில்லை. ஏற்றத்தில் தயக்கம் இல்லை, நெரிசலில் உதைப்பு இல்லை. புதிதாக வாங்கிய நாளில்கூட இவ்வளவு மென்மையாக ஓடியதாக நினைவில்லை. இந்தக் கியர்பாக்ஸ் அருமையானது, சந்தேகமே இல்லை. ஆனாலும் இதையே இன்னொரு முறை வாங்கமாட்டேன். அடுத்த காரைப் பார்க்கப் போகும்போது முதலில் பானெட்டைத் திறந்து குச்சி இருக்கிறதா என்று தேடுவேன்.