விழிப்பு நிலையில் டியூப் போட எந்த செடேஷன்: டெக்ஸ்மெடடோமிடினா, ரெமிஃபென்டானிலா, மிடாஸோலாமா?

விழித்திருப்பவருக்கு ஸ்கோப் (கேமரா உள்ள வளையும் குழல்) வழியே மூச்சுக்குழாயில் டியூப் போட செடேஷன், அதாவது அமைதிப்படுத்தும் மருந்து, கட்டாயமில்லை. தொண்டையும் குரல்நாணும் சரியாக மரத்திருந்தால் மருந்தே இல்லாமல் ஒத்துழைப்பவர்கள் நிறையப் பேர். மரக்காத தொண்டையைச் சமாளிக்க ஊசிமேல் ஊசி போடும்போதுதான் மூச்சு அடங்கிப்போகிறது. மரக்க வைக்கும் லிக்னோகெயினில் கஞ்சத்தனம் வேண்டாம். கொழுப்பு கழித்த உடல் எடையில் கிலோவுக்கு 9 மி.கி. வரை இடமுண்டு.

அவசரம் இல்லையென்றால் முதல் தேர்வு டெக்ஸ்மெடடோமிடின். நோயாளி தூங்குவார், கூப்பிட்டால் கண் திறப்பார், மூச்சு பெரிதாகக் குறையாது. வாயும் சற்று உலரும். ஸ்கோப்புக்கு அது லாபம். 200 மைக்ரோகிராமை 50 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 4 மைக்ரோகிராம். 60 கிலோ நோயாளிக்குக் கிலோவுக்கு 1 மைக்ரோகிராம் என்றால் 15 மி.லி., 10 நிமிடத்தில். பம்ப்பில் மணிக்கு 90 மி.லி. பிறகு கிலோவுக்கு மணிக்கு 0.5 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 7.5 மி.லி. இந்த 90ஐ 7.5க்கு இறக்க மறப்பதுதான் வழக்கமான கோளாறு. வேகமாகத் தள்ளினால் முதலில் பிரஷர் ஏறும், பின்னால் நாடித்துடிப்பு விழும். ஹார்ட் பிளாக் (இதயத்தின் மின்தடை), நீரிழப்பு, நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை என்றால் யோசியுங்கள். இதை முறிக்கும் மருந்து மனிதர்களுக்குக் கிடையாது.

இருமலை அடக்குவதில், ஓபியாய்ட் வகையான ரெமிஃபென்டானிலுக்கு இணையில்லை. உடலில் மருந்தின் அடர்த்தியைக் குறிவைத்து ஓடும் டிசிஐ பம்ப்பில் மி.லி.க்கு 1 நானோகிராமில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் 0.5 கூட்டலாம். 3ஐத் தாண்ட வேண்டாம். விழித்தபடியே மூச்சு விட மறப்பார். "மூச்சு இழுங்க" என்றால் இழுப்பார். அதைச் சொல்லிக்கொண்டே இருக்க இன்னொருவர் தேவை. நிறுத்திய சில நிமிடங்களில் தெளியும், முறிக்க நாலாக்ஸோனும் உண்டு. ஆனால் நடந்தது நினைவில் நிற்கும். ஐவி லைனில் தங்கிய மருந்தை யாராவது சலைன் விட்டு ஃப்ளஷ் செய்தால் மூச்சு நிற்கும், நெஞ்சுத் தசை இறுகும். சலைன் ஓடும் லைனில், கையை ஒட்டிய போர்ட்டில் இணையுங்கள்.

மிடாஸோலாம், ஃபென்டானில் ஜோடி எங்கும் கிடைக்கும். மிடாஸோலாம் 0.5 முதல் 1 மி.கி., ஃபென்டானில் 25 மைக்ரோகிராம். இதில் கெடுப்பது பொறுமையின்மை. மிடாஸோலாம் முழுதாக ஏற 3 முதல் 5 நிமிடம் ஆகும். ஒரு நிமிடத்தில் அடுத்ததைப் போட்டால் இரண்டும் சேர்ந்து இறங்கும். மிடாஸோலாமை முறிக்கும் ஃப்ளூமாஸெனிலின் வேகம் அதற்கு முன்பே தீர்ந்துவிடும், திரும்பவும் மயங்குவார். மறதி தருவது மட்டும் இதன் பெரிய பலம்.

மயக்க மருந்தான ப்ரோபோஃபாலைத் தனியாக நம்பாதீர்கள். அமைதிக்கும் தொண்டை தளர்ந்து அடைப்பதற்கும் நடுவில் இடைவெளி மிகக் குறைவு. கெட்டமைன் மூச்சைக் காக்கும், எச்சிலைப் பெருக்கி லென்ஸை மறைக்கும். எச்சிலை உலர்த்தும் கிளைக்கோபைரோலேட் முன்பே போயிருக்க வேண்டும்.

கட்டியால் மூச்சுப்பாதை அடைத்து, உட்கார்ந்தபடி கரகரவென மூச்சிழுப்பவருக்கு எதுவும் வேண்டாம். மரப்பும் பேச்சும் போதும். மற்றவர்களுக்கு ஒரே மருந்து, அதிகம் போனால் டெக்ஸ்மெடடோமிடினோடு 1 மி.கி. மிடாஸோலாம். மூன்றாவது சேர்ந்தால் எது மூச்சைக் குறைத்தது என்றே பிடிபடாது. மூக்கு வழியே வேகமாகப் பாயும் ஹை ஃப்ளோ ஆக்ஸிஜன் ஓடும்போது சாச்சுரேஷன் (ரத்த ஆக்ஸிஜன் அளவு) 99 காட்டிக்கொண்டே கார்பன் டை ஆக்ஸைடு ஏறும். நெஞ்சசைவை எண்ணுங்கள். டியூப் போனபின் ஸ்கோப்பில் மூச்சுக்குழாயின் உட்புறம், வெளிவரும் கார்பன் டை ஆக்ஸைடைக் காட்டும் கேப்னோகிராஃபில் அலை, இரண்டும் தெரிந்த பிறகே முழு மயக்கம்.