டாபிள் கார்டு கேம்: வாங்கலாமா? கட்டாயம் வாங்குங்க

சின்னதா ஒரு தகர டப்பா, உள்ள 55 வட்ட கார்டு, ஒவ்வொண்ணுலயும் 8 படம், அவ்ளோதான் டாபிள், அமெரிக்கால இதையே ஸ்பாட் இட்னு விக்கிறாங்க. எந்த ரெண்டு கார்டை எடுத்து பக்கத்துல வெச்சாலும் ஒரே ஒரு படம்தான் ரெண்டுலயும் இருக்கும், ரெண்டு இருக்காது, ஒண்ணுமே இல்லாமலும் போகாது. அதை யார் முதல்ல கண்டுபிடிச்சு கத்துறாங்களோ அவங்களுக்கு பாயிண்ட். ஒரே படம் ஒரு கார்டுல பெருசா இருக்கும் இன்னொண்ணுல குட்டியா தலைகீழா கிடக்கும், கண்ணு முன்னாடியே இருந்தும் தெரியாது, பசங்க நம்மள சுலபமா ஜெயிச்சிடுவாங்க.

ஆனா எனக்கு இது இவ்ளோ புடிக்கக் காரணம் உள்ள இருக்குற கணக்குதாங்க. கார்டை கோடுன்னும் படத்தை புள்ளின்னும் வெச்சுக்கோங்க, எந்த ரெண்டு கோடும் ஒரே புள்ளியில வெட்டிக்கும், இணைகோடுங்கற பேச்சே இல்ல, ப்ரொஜெக்டிவ் பிளேன்னு சொல்றது இதைத்தான். கார்டுக்கு 8 படம்னா, அதுல ஒண்ணு குறைச்சு 7, கணக்கு 7×7+7+1, மொத்தம் 57 படம், 57 கார்டு. 6 படம்னா 31 கார்டு, ஃபிரான்ஸ்ல ஜாக் கோட்டரோ 1976லயே பூச்சி படம் போட்டு அப்படி ஒண்ணு செஞ்சிருக்கார், பின்னாடி டெனிஸ் பிளான்ஷோ அந்த கார்டுகளைப் பாத்துதான் டாபிளை உருவாக்கினார், 2009ல வந்துச்சு. சரி நடுவுல 7 படம் போட்டு 43 கார்டு செட் பண்ணலாமேன்னா முடியவே முடியாது! கணித மேதை ஆய்லரோட 36 அதிகாரிகள் புதிர்னு ஒண்ணு இருக்கு, 6 படைப்பிரிவு, ஒவ்வொண்ணுலயும் 6 பதவி, இந்த 36 பேரையும் 6×6 கட்டத்துல எந்த வரிசையிலயும் படைப்பிரிவோ பதவியோ ரெண்டு தடவை வராம நிறுத்தணும், அதுக்கு விடை கிடையாதுன்னு 1901ல காஸ்தோன் தாரிங்கற ஃபிரெஞ்சு கணிதக்காரர் நிரூபிச்சார், அதுலேர்ந்தே இதுவும் முடியாதுன்னு வந்துடுது.

57 வரணும், டப்பால 55தானே, மிச்சம் ரெண்டு எங்க? இதான் இந்த கேம்லயே பெஸ்ட் புதிர், கொஞ்சம் பெரிய பசங்ககிட்ட பேப்பர் பேனா கொடுத்து எண்ணச் சொல்லுங்க. கிளாசிக் செட்டுல பனிமனிதன் 6 தடவைதான் வரும், 14 படம் 7 தடவை, மத்ததெல்லாம் 8. 57 கார்டும் இருந்தா எல்லா படமும் 8 தடவை வரணும், அப்போ பனிமனிதன் அந்த ரெண்டு கார்டுலயுமே இருந்திருக்கணும். மீதி 14ல எந்த ரெண்டு படம் கையில இருக்குற எந்தக் கார்டுலயும் சேந்து வரலையோ அது ரெண்டும் ஒரே கார்டுக்காரங்க, இப்படியே போனா ரெண்டு கார்டையும் முழுசா வரைஞ்சே வெச்சிடலாம். அந்த ரெண்டையும் சேத்தே போட்டிருக்கலாம்னு எனக்கு ஆதங்கம்தான், ஆனா போட்டிருந்தா இந்த வேட்டையே இருந்திருக்காது.

ரொம்ப சின்னப் பசங்கன்னா கார்டுக்கு 6 படம் இருக்குற கிட்ஸ் செட் வாங்குங்க, அதுல 30 கார்டு, அங்கயும் ஒண்ணு குறையுது பாத்துக்கோங்க.