என்லார்ஜருக்கு எந்த விளக்கு? கோத்தகிரி இருட்டறை அனுபவம்

என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழச்செய்யும் கருவி) விளக்கு பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் எதில் பிரிண்ட் ஷார்ப்பாக வரும் என்றுதான் கேட்கிறார்கள். கோத்தகிரியில் பல வருஷமாக கண்டென்சர் (பல்பின் ஒளியைக் குவித்து நேராக அனுப்பும் லென்ஸ்), ஹாலஜன், எல்இடி என்று மூன்றிலும் கருப்பு வெள்ளை பிரிண்ட் போட்டுவருகிறேன். நான் முதலில் பார்க்கச் சொல்வது, வெளிச்சம் சீராக நிற்கிறதா என்பதைத்தான். மலையில் கரண்ட் வருகிற லட்சணம் அப்படி.

என்னிடம் முதலில் இருந்தது 75 வாட் பால் பல்பும் கண்டென்சரும். டங்ஸ்டன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் இறங்கினாலே வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும். நிறமும் சிவப்புப் பக்கம் சாயும், மல்டிகிரேடு பேப்பர் நீலத்துக்கு ஒருவிதமாகவும் பச்சைக்கு ஒருவிதமாகவும் வேலை செய்வதால் கான்ட்ராஸ்டும் சேர்ந்தே மாறும். சாயங்காலம் ஊரே கீசர் போடும் நேரத்தில் டெஸ்ட் ஸ்ட்ரிப் (எவ்வளவு நேரம் ஒளி காட்டலாம் என்று பார்க்கும் துண்டுப் பேப்பர்) எடுத்துவிட்டு ராத்திரி பிரிண்ட் போட்டால் இரண்டும் ஒத்துப்போகாது. ஸ்டெபிலைசர் வைக்கலாம், ஆனால் படிப்படியாகத் தாவுகிற ரிலே வகை போதாது, செர்வோ வகை வேண்டும். பேப்பர் விற்கும் விலைக்கு ஒவ்வொரு ஷீட்டும் முக்கியம்.

ஆனாலும் கண்டென்சரை நான் விடவில்லை. நெகட்டிவில் உள்ள வெள்ளித் துகள்கள் நேராக வரும் ஒளியைச் சிதறடிக்கும், அடர்த்தியான இடத்தில் இன்னும் அதிகமாக. காலியர் 1909-ல் எழுதிய விளைவு இது. இதனால் ஏறக்குறைய ஒரு கிரேடு, அதாவது ஒரு படி, கூடுதல் கான்ட்ராஸ்ட் கிடைக்கும். கோடநாட்டில் மூடுபனிக்குள் எடுத்த வெளிறிய நெகட்டிவுகளுக்கு அது அவ்வளவு அழகாகப் பொருந்தும்! இருண்ட சோலைக்காடும் மேலே வெள்ளை வானமும் சேர்ந்த நெகட்டிவ் என்றால் கதை வேறு, வானம் வெறும் பேப்பராக நின்றுவிடும், ஒவ்வொரு தூசியும் கீறலும் பளிச்சென்று தெரியும். இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 மாதிரி, படம் சாயத்தால் உருவாகும் ஃபிலிமில் வெள்ளித் துகள் இல்லாததால் இந்த வித்தியாசம் வராது.

அப்புறம் 12 வோல்ட் 100 வாட் ஹாலஜன் போட்ட டிஃப்யூஷன் ஹெட், ஒளியைப் பரப்பி அனுப்பும் வகை. டோன்கள் மென்மையாக வந்தன, தூசி தொல்லை பெரிதும் குறைந்தது. சூடுதான் பிரச்சினை. கண்ணாடி இல்லாத கேரியரில் (நெகட்டிவைப் பிடிக்கும் சட்டம்) நெகட்டிவ் சூடேறி வளைந்து ஃபோகஸ் நகரும், கண்ணாடி கேரியர் போட்டால் மழை மாசத்து ஈரத்தில் நியூட்டன் வளையம் (கண்ணாடியும் நெகட்டிவும் ஒட்டும் இடத்தில் வட்ட வட்டமான கோடுகள்) வரும். கோல்ட் லைட் குழாய் (டியூப்லைட் மாதிரியான விளக்கு) இந்த ஊருக்குத் தோதுப்படாது, சூடேறும் வரை வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும், டிசம்பர் ராத்திரியில் அதற்காகக் காத்திருப்பது பெரிய பாடு.

இப்போது தினமும் பயன்படுத்துவது எல்இடி. வீட்டு பல்பைப் போட்டு ஆரம்பிப்பதாக இருந்தால் 9 வாட் பால் நிற பல்பே போதும், ஆனால் ஒன்றைச் சோதித்துவிடுங்கள். சில எல்இடி பல்புகள் ஸ்விட்சில் இண்டிகேட்டர் இருந்தால் அணைத்த பிறகும் லேசாக மினுங்கும். இருட்டில் கொஞ்ச நேரம் கண்ணைப் பழக்கிவிட்டுப் பார்த்தால்தான் தெரியும், அந்த மினுக்கமே பேப்பர் முழுவதையும் லேசாகச் சாம்பலாக்கிவிடும்.

என் ஹெட்டில் நீல எல்இடிக்கும் பச்சை எல்இடிக்கும் தனித்தனியாக நிலையான கரண்ட் தரும் டிரைவர் இருக்கிறது. வெளியே வோல்டேஜ் ஆடினாலும் வெளிச்சம் ஆடுவதில்லை, நெகட்டிவ் வளைவதில்லை, போட்டவுடன் முழு வெளிச்சம், அணைத்தவுடன் இருட்டு. நீலம் கூட்டினால் கான்ட்ராஸ்ட் ஏறும், பச்சை கூட்டினால் இறங்கும், ஃபில்டரே தேவையில்லை. மேலே சொன்ன சோலைக்காட்டு நெகட்டிவில் வானத்துக்கு மட்டும் பச்சையில் கூடுதலாக ஒளி காட்டி பர்ன் செய்வேன், காட்டை நீலத்தில் இழுப்பேன், அந்த வசதிக்காகவே இதைப் பரிந்துரைப்பேன். ஃபோகஸ் பார்க்க மட்டும் பச்சையை வையுங்கள், நீலத்தில் கண்ணுக்குக் கிரெய்ன் சரியாகப் பிடிபடாது.

வெள்ளை எல்இடி போட்டு மல்டிகிரேடு ஃபில்டர் வைப்பவர்கள், அதன் நீலம் 450 நானோமீட்டர் பக்கம் குவிந்திருப்பதால், கிரேடுகளுக்கு இடையிலான இடைவெளி டங்ஸ்டனில் பழகியபடி இருக்காது என்பதை மனதில் வைத்து ஸ்டெப் வெட்ஜ் (படிப்படியாக அடர்த்தி ஏறும் ஃபிலிம் துண்டு) போட்டுப் பாருங்கள். எந்த எல்இடி பேனலானாலும் பால் அக்ரிலிக் ஷீட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். ஒட்டி வைத்தால் புள்ளி புள்ளியாக விழும். நெகட்டிவ் இல்லாமல், லென்ஸை எஃப் 8-ல் வைத்து நடுச் சாம்பலாக ஒரு ஷீட் அடித்தால் மூலைகளில் வெளிச்சம் குறைவது உடனே தெரிந்துவிடும்.