ஏர் டிரை க்ளே: 4 வருஷத்துக்கு மேல பெசஞ்சு பாத்ததுல புரிஞ்சது

ஏர் டிரை க்ளேல, அதான் சுடாம காத்துலயே காய விடுற க்ளேல, நான் செஞ்சு எங்க வீட்டு வாசல்ல மாட்டுன முதல் நேம் போர்டு 2021 நவம்பர் மழைல கரைஞ்சு போச்சு. கரைஞ்சுன்னா நெஜமாவே கரைஞ்சுதான், சாரல் அடிச்ச பக்கம் எழுத்தெல்லாம் ஊறி கொழகொழன்னு கீழ வழிஞ்சு வீட்டுக்காரர் பேர்ல முதல் ரெண்டு எழுத்து மட்டும் நின்னுட்டு இருந்துச்சு, பக்கத்து போர்ஷன் அக்கா பாத்துட்டு "என்னம்மா, தம்பி பேர சுருக்கிட்டியா"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. இத்தனைக்கும் முன்பக்கம் ரெண்டு கோட் பெயிண்ட், அதுக்கு மேல ரெண்டு கோட் வார்னிஷ். பின்பக்கம் ஒண்ணுமே அடிக்கல, யாரு பாக்கப் போறான்னு விட்டுட்டேன். சுவத்துல இருந்த ஈரம் அந்த வழியா ஏறிடுச்சு.

அதுக்கப்புறமும் விடல. சென்னைல ரெண்டாவது மாடி வாடகை வீடு, வார நாள்ல ஆபீஸ், சனி ஞாயிறுல க்ளே. சுவத்துல மாட்டுறது, ஃபிரிட்ஜ் மேக்னட், கண்ணாடிக்கு ஃப்ரேம், பாட்டில் மேல டிசைன், கொலுவுக்கு சின்னச் சின்ன சாமான்னு எல்லாம் செஞ்சாச்சு. எந்த பாக்கெட் நல்லா இருக்கும்னு கேக்குறவங்க நெறைய பேர், ஆனா பிரச்சனை பாக்கெட்ல இல்லங்க, தண்ணில இருக்கு, அதனாலதான் இத கொஞ்சம் நீட்டி எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கணும், இது அகல் விளக்கு மாதிரி சுட்ட மண்ணு இல்ல. குயவர் வீட்டுல சூளைல வெச்சு சுடும்போது மண்ணோட தன்மையே மாறிடுது, அப்புறம் எத்தன நாள் தண்ணில போட்டாலும் திரும்பக் கொழையாது. நம்ம க்ளேல அப்படி எதுவும் நடக்கறது இல்ல, உள்ள இருக்குற தண்ணி வெளிய போகுது, மிச்சம் இருக்குற பொடியும் பேப்பர் நாரும் பசையும் ஒண்ணோட ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்குது, அவ்வளவுதான். தண்ணி திரும்ப உள்ள வந்தா பழையபடி மாவு. இத தெரிஞ்சுக்காம நானே ஒரு தீபாவளிக்கு 12 விளக்கு செஞ்சு தங்கக் கலர் அடிச்சு எண்ணெய் ஊத்தி ஏத்துனேன், அரை மணி நேரத்துல எண்ணெய் முழுக்க ஊறி கோலத்து மேல வட்டம் வட்டமா கறை. இப்ப நடுவுல எல்.ஈ.டி. மெழுகுவத்தி வெக்கிறேன், நெஜ விளக்குக்குத் தெருமுனைல விக்கிற மண் அகல்தான்.

என்னென்ன வகை வாங்கிப் பாத்தேன்னா, வெள்ளையா கட்டியா வர்ற பேப்பர் க்ளேதான் என்னோட தெனசரி சாப்பாடு. 500 கிராம் பாக்கெட் நான் வாங்குனதெல்லாம் 200 ரூபா முன்ன பின்ன இருந்துச்சு, இத்தாலி சரக்கு வேணும்னா கிலோவுக்கு காசு நல்லாவே வெக்கணும், அது வழவழப்பு ஜாஸ்தி, விரிசல் கொஞ்சம் கம்மி, ஆனா சின்ன மேக்னட் செய்யறதுக்கெல்லாம் அது தேவையே இல்ல. பஞ்சு மாதிரி லைட்டா கலர் கலரா வர்றது குழந்தைங்களுக்கு ஓகே, விரிசல் விடாது, ஆனா உப்புத்தாள் போட்டா பிசிறு பிசிறா வரும், பொம்மை கடை லுக்கத் தாண்டி எனக்கு எதுவும் வரல. அப்புறம் ரெண்டு உருண்டைய ஒண்ணா சேத்துப் பெசையிற எப்பாக்சி வகை, இத ஏர் டிரைன்னு சொல்லவே கூடாது, இது காயறது இல்ல, ரெண்டும் சேந்து இறுகுறது, அதனால சுருங்காது, மழை நாள்லயும் வேலை நடக்கும். பாட்டில் மேல டிசைன் போடணும்னா இதுதான், ஏன்னா பேப்பர் க்ளே காயும்போது சுருங்கும், கண்ணாடி சுருங்காது, அப்ப கிழியறது க்ளேதானே. கையுறை போட்டுக்கோங்க, நான் போடாம பெசஞ்சு ரெண்டு நாள் விரல் இடுக்குல அரிப்பு.

வீட்டுல கிண்டுறதும் ஒண்ணு இருக்கு. கார்ன் ஃபிளார் 1 கப், ஃபெவிகால் 1 கப், எண்ணெய் 2 ஸ்பூன், வினிகர் 1 ஸ்பூன், பழைய நான்ஸ்டிக் சட்டில சிம்ல வெச்சு அல்வா மாதிரி சட்டிய விட்டு ஒதுங்கி வர்ற வரைக்கும் கிண்டி, கொஞ்சம் ஆறினதும் கைல க்ரீம் தடவிக்கிட்டு பெசஞ்சு கவர்ல சுத்தி வெச்சிடணும். ரோஜா இதழ் செய்ய இத அடிச்சுக்க ஆள் இல்ல, அவ்ளோ மெல்லிசா இழுக்க வரும். சுருங்கறதும் இதுதான் ஜாஸ்தி. நான் செஞ்ச ஒரு கொத்து ரோஜாவ ஒரு வருஷம் ஷோகேஸ்ல வெச்சிருந்தேன், ஒரு நாள் தூசி தட்ட எடுத்தா கரப்பான் ஓரமெல்லாம் கடிச்சு வெச்சிருக்கு. மாவு தானே, அது மேல தப்பு இல்ல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். செய்யறது ஒரு மணி நேர வேலை, காய வைக்கிறதுதான் தொழிலே. ஆரம்பத்துல மொட்டை மாடில வெச்சா சீக்கிரம் காயும்னு அக்னி நட்சத்திர வெயில்ல 8 வட்டத் தட்ட வெச்சுட்டு சாப்பிட வந்துட்டேன், திரும்பப் போய்ப் பாத்தா எட்டும் அப்பளம். மேல்பக்கம் மட்டும் காஞ்சு சுருங்கி, அடில ஈரம் அப்படியே இருக்க, ஓரமெல்லாம் தூக்கிக்கிச்சு. அதுல இருந்து வெயிலே கெடையாது, ஃபேன நேரா அடிக்க விடுறதும் கெடையாது. எங்க வீட்டுல ஒரு பழைய எவர்சில்வர் இடியாப்பத் தட்டு செட்டு இருந்துச்சு, ஓட்டை ஓட்டையா இருக்கறதால மேலயும் கீழயும் காத்து போகும், அதுல ஒரு மெல்லிசு துணிய விரிச்சு வெச்சு, மேல இன்னொரு துணி மூடி, ஹால் ஓரத்துல வெச்சுடுவேன். முதல் நாள் நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பணும், மறுநாள் காலைல ஒரு தரம் சாயங்காலம் ஒரு தரம். அரை சென்டிமீட்டர் கனத்துக்கு எங்க வீட்டுல வெயில் காலத்துல 2 நாள் ஆகுது, ஐப்பசி கார்த்திகைல 5 நாள் கூட ஆகியிருக்கு.

காஞ்சிடுச்சான்னு பாக்க ஒரு வழி, கன்னத்துல வெச்சுப் பாருங்க. சில்லுன்னு இருந்தா உள்ள இன்னும் தண்ணி இருக்கு. கைல தொட்டா ஏமாத்திடும், கன்னம் ஏமாத்தாது. ஈரம் இருக்கறப்பவே பெயிண்ட் அடிச்சா ஒரு மாசத்துல கொப்பளம் கொப்பளமா எழும்பி உரிஞ்சு வரும், எனக்கு ரெண்டு தரம் ஆச்சு.

இன்னொரு பழக்கம் விடவே எனக்கு ஒரு வருஷம் ஆச்சு, விரல்ல தண்ணி தொட்டுத் தொட்டு மழமழன்னு தேய்க்கிறது. அப்ப பாக்க பளபளன்னு இருக்கும், காஞ்சதும் அந்த இடத்துலதான் முதல் விரிசல். இப்ப ஒரு துளி தண்ணிக்கு மேல தொடுறது இல்ல, மழமழப்பு வேணும்னா காஞ்சதுக்கப்புறம் உப்புத்தாள். முதல்ல 220 நம்பர் தாள், அப்புறம் அத விட நைசான 400, மூக்குல மாஸ்க்கோட. விரிசல் விட்டாலும் தூக்கிப் போடாதீங்க. உதுந்த தூள், மிச்ச க்ளே எல்லாத்தையும் ஒரு சின்ன பாட்டில்ல போட்டு தண்ணியும் நாலு சொட்டு ஃபெவிகாலும் விட்டு தோசை மாவு பதத்துல வெச்சுக்கோங்க. தீந்து போன நெயில் பாலிஷ் பிரஷ்ஷ கழுவி வெச்சிருக்கேன், அதால விரிசலுக்குள்ள இறக்கி, மேல விரலால வழிச்சு, ஒரு நாள் விட்டு தேச்சா எங்க இருந்துச்சுன்னே தெரியாது. ரெண்டு துண்டு ஒட்டணும்னாலும் இதே மாவுதான், ரெண்டு பக்கமும் சேஃப்டி பின்னால குறுக்கும் நெடுக்கும் கீறிட்டு தடவி அழுத்தணும். கீறாம ஒட்டுனா தூக்கும்போது கழண்டு வரும்.

சுருக்கம் எவ்வளவுன்னு ஒரு தரம் அளந்து பாத்தேன், 10 சென்டிமீட்டர் வட்டம் காஞ்சு 9.4ல நின்னுச்சு. இது சின்ன விஷயமா தோணும், ஆனா லிப்பன் பண்ணும்போதுதான் தெரிஞ்சுது. குஜராத்ல கட்ச் பக்கம் வட்ட வீட்டு உள்சுவத்துல மண்ணும் சாணியும் கலந்து கயிறு மாதிரி திரிச்சு ஒட்டி நடுவுல சின்னச் சின்ன கண்ணாடி பதிப்பாங்களே, அதுக்குப் பேர்தான் லிப்பன், அதத்தான் இப்ப எல்லாரும் எம்.டி.எஃப். பலகைல, அதான் மர நார அழுத்திச் செஞ்ச பலகைல பண்றோம். அவங்களுக்கு சுவரும் மண்ணு, மேல ஒட்டுறதும் மண்ணு. நமக்கு பலகை சுருங்காது, க்ளே சுருங்கும். என்னோட முதல் 18 இன்ச் போர்டுல ஒரு வாரத்துல கோடெல்லாம் அங்கங்க அறுந்து, பாதி கண்ணாடி கீழ. அடுத்த தரம் பலகைய உப்புத்தாள்ல சொரசொரப்பாக்கி, ஃபெவிகால் பூசி, க்ளேலயும் கொஞ்சம் ஃபெவிகால் பெசஞ்சு, கயிற மெல்லிசா வெச்சேன், 3 வருஷமா ஹால்ல தொங்குது, ஒரு கண்ணாடி விழல.

அந்தக் கயிறு ஒரே கனத்துல வரணுமே, கையால உருட்டுனா ஒரு இடம் தடி ஒரு இடம் ஒல்லி. அப்ப கண்ணுல பட்டது மாமியாரோட பித்தளை முறுக்கு நாழி. ஒத்தை ஓட்டை அச்சு போட்டு அழுத்துனா அடடா, கடைல வாங்குன மாதிரி கயிறு கயிறா வருது. அத்தை கோயிலுக்குப் போயிட்டு சீக்கிரமே வந்துட்டாங்க. கொஞ்ச நேரம் பாத்துட்டே நின்னாங்க, அப்புறம் "ஏம்மா, நாளன்னிக்கு கிருஷ்ண ஜெயந்தி, அதுலதான் முறுக்கு பிழியணும்"னாங்க. "நல்லா கழுவிடுறேன் அத்தை"ன்னேன். "கழுவுவம்மா நீ, சாப்பிடப் போறது நாங்கதானே". மறுநாள் எனக்குன்னு தனி நாழி வாங்கியாச்சு. கிச்சன் சாமான் எதை இதுக்கு எடுத்தாலும் திரும்ப கிச்சனுக்குப் போகக் கூடாது, இடியாப்பத் தட்டும் அப்படித்தான் என் பக்கம் வந்துடுச்சு.

இந்த க்ளே எதுக்கு ரொம்பப் பொருத்தம்னு கேட்டா, என் கணக்குல கொலு சாமான்தான். பெரிய பொம்மைக்கு விளாச்சேரி, பண்ருட்டி ஆளுங்க இருக்காங்க, காஞ்சிபுரத்துல பேப்பர் கூழ் பொம்மை இருக்கு, அவங்க கிட்ட நாம போட்டி போட முடியாது. ஆனா செட்டியார் பொம்மைக்கு முன்னாடி வெக்கிற கடை இருக்கே, அந்த அரிசி மூட்டை, தராசு, காய்கறி கூடை, அதெல்லாம் கட்டை விரல் சைஸ்ல செய்ய இது மாதிரி வராது, சின்னது சீக்கிரம் காயும், விரிசலும் விடாது. பாகற்காய்க்கு ரெண்டு முனையும் கூரா ஒரு உருண்டை உருட்டி, பேன் சீப்பு பல்லால நீளவாக்குல அழுத்தி, அந்த வரப்ப ஊசி முனையால அங்கங்க கிள்ளி விட்டா முள்ளு முள்ளா எழும்பும். அரை மணி நேரம் ஆறவிட்டுதான் கிள்ளணும், உடனே கிள்ளுனா ஊசில ஒட்டிக்கிட்டு வந்துடும். கரும்பச்சை அடிச்சு காஞ்சதும், கிட்டத்தட்ட காஞ்ச பிரஷ்ல இளம்பச்சைய மேலாப்புல உரசுனா முள்ளு மட்டும் தெரியும். போன கொலுவுக்கு வந்த ஒரு மாமி கைல எடுத்து மோந்தே பாத்துட்டாங்க.

கொலு முடிஞ்சு பேக் பண்ணும்போது நியூஸ் பேப்பர்ல சுத்தி, ஷூ டப்பால வருமே சிலிக்கா ஜெல் பாக்கெட், அத நாலு போட்டு மூடுவேன். காரணம் 2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வந்தப்ப எங்க ஏரியால கரண்ட் இல்ல, தெருவெல்லாம் தண்ணி, வீட்டுக்குள்ள சுவரே ஊறிப்போய் இருந்துச்சு. அப்பதான் செஞ்சு வெச்ச 20 மேக்னட் தட்டுல காயவே இல்ல, அஞ்சாம் நாள் கறுப்பு கறுப்பா பூஞ்சை. பிரிச்ச பாக்கெட்ட ஈரத்துணில சுத்தி டப்பால வெச்சிருந்தேன், அதுவும் நாத்தம், ரெண்டையும் தூக்கிப் போட்டேன். இப்ப மழைக்காலத்துல பேப்பர் க்ளேவ தொடுறதே இல்ல, ஈரத்துணி டெக்னிக்கும் வெயில் காலத்துக்கு மட்டும்தான், மத்த நாள்ல கவர்ல காத்து இல்லாம இறுக்கிச் சுத்தி எவர்சில்வர் டப்பா.

இன்னொரு செலவும் சொல்லிடுறேன். க்ளே கைய சிங்க்ல கழுவாதீங்க. ரெண்டு வருஷம் கழுவி, ஒரு நாள் தண்ணி இறங்கவே இல்ல, பிளம்பர் கழட்டிப் பாத்தா பைப் வளைவுல சுண்ணாம்பு மாதிரி அடை. 600 ரூபா. இப்ப ஒரு பக்கெட், கழுவி ராத்திரி பூரா தெளிய விட்டு மேல் தண்ணிய செடிக்கு ஊத்திட்டு அடில இருக்குறத வழிச்சு குப்பைல போடுறேன்.

எது தாக்குப் பிடிச்சுதுன்னா, வீட்டுக்குள்ள சுவத்துல மாட்டுனது எல்லாமே நல்லா இருக்கு, முன்னயும் பின்னயும் வார்னிஷ் அடிச்சது. அரச இலைய அழுத்தி நரம்பு பதிச்சு செஞ்ச ஒரு செட்டு 2022ல மாட்டுனது, கலர் லேசா மங்கினதோட சரி. குளிக்கிற ரூம் சோப்பு தட்டு, பூந்தொட்டி, வாசல் போர்டு மூணும் தோல்வி. கீழ விழுந்தா உடையும், ஆனா உடைஞ்சத ஒட்ட முடியும், அதுல எனக்கு வருத்தம் இல்ல.

வித்து சம்பாதிக்கலாமான்னு கேட்டா, ஒரே ஒரு தரம் ஆபீஸ்ல ஒருத்தங்க சீமந்தத்துக்கு ரிட்டர்ன் கிஃப்ட்டா 40 மேக்னட் கேட்டாங்க, பீஸ் 60 ரூபா. 11 வளைஞ்சு போச்சு, திரும்ப செஞ்சேன், ராத்திரி அலாரம் வெச்சு எழுந்து திருப்பிப் போட்டேன். காசு கைக்கு வந்தப்ப கணக்கு போட்டுப் பாக்கவே தோணல, அடுத்து கேட்டவங்களுக்கு இல்லங்கன்னு சொல்லிட்டேன்.

இப்ப தட்டுல செட்டியாரம்மா தலை காயுது. பழசு போன வருஷம் கழுத்துல உடைஞ்சு காணாமப் போச்சு, மூணாவது தரம் செய்யறேன், கொண்டைக்கும் கழுத்துக்கும் நடுவுல மறுபடி மயிரிழை மாதிரி ஒரு விரிசல் தெரியுது. சாயங்காலம் மாவு வெச்சுப் பாக்கணும்.