கல்மரம் பார்க்க: திருவக்கரையா, சாத்தனூரா?

கல்மரம், அதாவது கல்லாக மாறிய பழங்கால மரம், பார்க்க ஒரு நாள் ஒதுக்கினால் விழுப்புரம் மாவட்டத் திருவக்கரைக்குப் போகலாம். அல்லது அரியலூர் பக்கத்து வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தையும் பெரம்பலூர் மாவட்டச் சாத்தனூரையும் சேர்த்துப் பார்க்கலாம். என் ஓட்டு இரண்டாவதற்கு.

எண்ணிக்கையில் திருவக்கரைக்கு ஈடில்லை. சுமார் 247 ஏக்கரில் ஏறக்குறைய 200 மரங்கள், வயது 2 கோடி ஆண்டு. திண்டிவனம், புதுச்சேரி இரண்டுக்கும் பக்கம். ஆனால் கிளை, வேர், இலை எதுவும் கிடையாது. வெள்ளம் அடித்துவந்து போட்ட அடிமரங்கள்தான். பத்து மரம் பார்த்தபின் பதினோராவதில் புதிதாக ஒன்றும் இருக்காது. சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதுவே போதும்.

சாத்தனூரில் இருப்பது ஒரே மரம், சுமார் 18 மீட்டர் நீளம். 1940-இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. வயதை 10 கோடி என்றும் 12 கோடி என்றும் எழுதுகிறார்கள். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலம் என்று வைத்துக்கொள்ளலாம். நேராக அங்கே போய் நின்றால் ஐந்தே நிமிடத்தில் சலித்துவிடும். ஆகவே எதை முதலில் பார்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் வாரணவாசி. அங்குள்ள கடல் உயிரிகளின் புதைபடிவங்களைப் பார்த்த பிறகுதான், இந்த இடம் ஒருகாலத்தில் கடலாக இருந்தது, சாத்தனூர் மரம் கடலுக்கு அடித்துப்போய் அடிச்சேற்றில் புதைந்து, சிலிக்கா என்ற மணல் தாது கலந்த நீர் ஊறிக் கல்லானது என்பது மனதில் பதியும். சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடல் உயிரியான அம்மோனைட்டைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மேலோடு தேய்ந்த இடத்தில் ஓட்டின் உள்ளே உள்ள அறைத்தடுப்புகளின் விளிம்பு, இலை நுனிபோல நெளிநெளியாக ஓடும். அதே கோடு வெறும் வளைவாக இருந்தால் அது அதன் உறவான நாட்டிலஸ். 2020-இல் பெரம்பலூர் மாவட்டக் குன்னம் அருகே கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டை என்று பரப்பினார்கள். அம்மோனைட் போன்ற ஒன்றைக் நடுவில் வைத்துச் சுற்றிலும் படிவு திரண்டால் இப்படி உருண்டை உருவாகும். இந்த அருங்காட்சியகத்தைச் சுற்றி வந்தவர் அந்த வதந்தியை நம்பமாட்டார்.

சென்னை–திருச்சி ரயில்கள் பல அரியலூரில் நிற்கும். அங்கிருந்து வண்டி பேசிக்கொள்ளுங்கள், பேருந்தை நம்பினால் ஒரே நாளில் இரண்டும் முடியாது. அருங்காட்சியக விடுமுறை நாளைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். சாத்தனூருக்கு மாலை 4 மணிக்கு மேல் போங்கள். சாய்வெயிலில்தான் மரத்தின் வரிகள் எடுப்பாகத் தெரியும், உச்சிவெயிலில் அது வெறும் கல்தூண். உதிர்ந்து கிடக்கும் சில்லைக்கூட எடுத்து வராதீர்கள்.