பஜாரா, பேஜாரா?

எழுத்தில் ஓர் இரட்டைச்சுழிக் கொம்புதான் வித்தியாசம்; வேர் வேறு. பஜார் என்றால் பாரசீகத்தில் சந்தை. பாரிமுனைப் பக்கம் அது இடப்பெயராகவே ஒட்டிக்கொண்டது: கடற்கரை ரயில் நிலையம் எதிரே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் வந்த பர்மா பஜார்.

பேஜாரின் பயணம்தான் சுவையானது. அதுவும் பாரசீகமே, உருது வழியாக வந்தது. அங்கே ‘சலித்துப்போன, வெறுத்துப்போன’ என்று ஆளின் மனநிலையைச் சொல்லும். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பேச்சில் சலிப்பைத் தரும் தொல்லையே பேஜார் ஆகிவிட்டது: “இன்னாபா, சும்மா பேஜார் பண்ற?”

இரண்டிலும் மூல ஒலி ஜகரமல்ல. பல்லிடுக்கில் அதிரும் ஸகரம். தமிழில் அதற்கு எழுத்தில்லாததால் ஜகரம் வந்து உட்கார்ந்தது, சாயலும் ஒன்றானது. குழப்பம் வந்தால் ‘பண்ணு’ சேர்த்துப் பாருங்கள். பஜார் அதை ஏற்காது.